எல்லைக் காவலும் கம்பியில்லாத் தந்திக்காரரும்

தேசத்தின் எல்லை என்றதும் நம் ஜனங்களின் மனக்கண்முன் தோன்றுவன முள்வேலியும், துப்பாக்கி ஏந்திய ஜவானும், குடியரசு தினத்தன்று டில்லி வீதியில் அணிவகுத்துச் செல்லும் ஒட்டகப் படையுமேயாம். இவை தோன்றுவது இயல்பே. அதில் நாம் குற்றம் காணவில்லை. ஆயினும், அந்த ஜவான் கண்டதைப் பின்னாலிருக்கும் தலைமையிடத்துக்கும், தலைமையிடத்தின் கட்டளையை அந்த ஜவானுக்கும் கொண்டு சேர்ப்பவர் ஒருவர் இருக்கிறார். முன்னாளில் கம்பியில்லாத் தந்திக்காரர் என்று அவரை அழைத்தார்கள். இந்நாளில் தொலைத்தொடர்பு நிபுணர் என்கிறார்கள். அவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவது அபூர்வம். பார்லிமெண்டில் பிரஸ்தாபிப்பாரும் அபூர்வம். கருவிகளின் விலையைப் பற்றி வேண்டிய மட்டும் பேச்சு நடக்கிறது. அக்கருவிகளைத் தேர்ந்து, நட்டு, பழுது பார்த்து, நடுநிசியில் உயிரோடு வைத்திருக்கும் மனிதரைப் பற்றிப் பேச்சே இல்லை. இக்குறையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

எல்லையின் அளவை முதலில் நேயர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வங்காளதேசத்தோடு நமக்குள்ள எல்லை 4,096 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாகிஸ்தானோடு உள்ளது 3,323 கிலோமீட்டர். இவ்விரண்டையும் காப்பதற்கென்றே எல்லைப் பாதுகாப்புப் படை 1965-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி தோற்றுவிக்கப்பட்டது. அதற்கு முன் பாகிஸ்தான் எல்லையை அந்தந்த ராஜ்யத்துப் போலீஸ் பட்டாளங்களே காத்து வந்தன. அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் கட்ச் பிரதேசத்திலுள்ள சர்தார் காவல் நிலையத்தை பாகிஸ்தான் துருப்புகள் தாக்கிய பிறகே, ஒரே தலைமையின் கீழ் ஒரு படை வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. ஒரே தலைமை என்பது காகிதத்தில் எழுதிவிட்டால் உண்டாகிவிடுவதன்று. கட்சின் உப்புச் சதுப்பில் நிற்பவரும், அஸ்ஸாம் ஆற்று மணலில் நிற்பவரும் ஒரே தலைமைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சொல்வதற்குப் பொருள், அத்தலைமையின் குரல் அவர்கள் காதில் விழுகிறது என்பதுதானே? குரல் விழாத இடத்தில் தலைமையும் இல்லை.

இந்தக் குரலைக் கொண்டு செல்வது எத்தகைய வேலை என்பதைச் சற்று விவரித்தல் நலம். கைப்பேசியை எடுத்தால் உடனே பேசலாம் என்று பழகிவிட்ட நகரவாசிகளுக்கு அது எளிய காரியமாகத் தோன்றக்கூடும். எல்லையில் அப்படியில்லை. மிக உயர்ந்த அதிர்வெண் அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. சமநிலத்தில் நூறடி உயரக் கோபுரத்தின் உச்சியில் நின்றால் அடிவானம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் செல்ல வேண்டுமானால் மற்றொரு கோபுரம் வேண்டும். நடுவில் ஒரு குன்றோ, புதிதாய் ஓங்கி வளர்ந்த தோப்போ குறுக்கிட்டால் செய்தி அங்கேயே மடிந்துபோகும். வான மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைகள் நூற்றுக்கணக்கான மைல் செல்லும்; ஆனால் பகலில் ஒத்துவரும் அதிர்வெண் இரவில் ஒத்துவராது. எதை எப்பொழுது மாற்ற வேண்டும் என்பதை அறிந்தவரே அதனோடு மல்லாட முடியும். துணைக்கோள் வழியாகப் பேசலாமே என்பார்கள். பேசலாம். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோளுக்கு ஒரு வார்த்தை ஏறி இறங்குவதற்குக் கால் நொடி ஆகும். பெருமழை பெய்தால் சில அலைவரிசைகள் மங்கிப்போகும்.

இவையெல்லாம் பௌதிக சாஸ்திரப் புத்தகத்தில் படித்து அறியக்கூடியவை. புத்தகத்தில் முழுவதும் அடங்காதது மண்ணும் காற்றும். மின்னல் தாக்கினால் அதை நிலத்தில் இறக்குவதற்குக் கோபுரத்தின் அடியிலிருந்து கம்பி புதைக்க வேண்டும். ஜெய்சால்மர் மணலோ ஈரமற்றது; மின்சாரத்தை எளிதில் வாங்காது. உப்பும் கரியும் இட்டுக் குழியை நிரப்பி, அவ்வப்போது நீரும் ஊற்றி வந்தால்தான் அந்தக் கம்பி பயன்படும். அப்பாலைவனத்திலே குடிநீருக்கே ஜவான்கள் அளந்து செலவிட வேண்டியிருக்கும்போது, இந்தக் குழிக்கு நீர் ஊற்றுவதை யார் நினைவில் வைப்பார்? தந்திக்காரர்தான் வைக்க வேண்டும். கோடை வெப்பத்தில் மின்கலங்களின் ஆயுள் பாதியாகக் குறையும். காஷ்மீரத்து மலைமுகட்டுக் குளிரில் அதே மின்கலம் தன் சக்தியில் பெரும்பகுதியைத் தர மறுக்கும். ஒரே டெண்டரில் ஒரே கம்பெனியிடம் ஒரே மாதிரியான மின்கலத்தை எல்லா இடங்களுக்கும் வாங்கி அனுப்பும் டில்லிக் குமாஸ்தாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

தலைமைத் தொலைத்தொடர்பு அதிகாரியின் உத்தியோகம் இவ்வளவையும் ஒருங்கே கட்டி மேய்ப்பது. எந்தக் காவல் நிலையம் எந்த அலைவரிசையில் பேசுவது, பக்கத்துப் படையோ ராணுவமோ அதே அலைவரிசையில் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி, ரகசியச் சங்கேதங்களை எப்பொழுது மாற்றுவது, ஒரு கோபுரம் விழுந்தால் செய்தியை எந்த வழியாகத் திருப்பி விடுவது என்று முன்கூட்டியே திட்டமிட்டு வைக்க வேண்டும். திட்டம் சரியாக நடந்தால் ஒருவருக்கும் அவர் நினைவு வராது. தவறினால் முதலில் விசாரணைக்கு அழைக்கப்படுபவர் அவரே.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அமெரிக்காவின் அரிஜோனா ராஜ்யத்தில், மெக்ஸிகோ எல்லையருகே, 2012-ம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ந் தேதி விடியற்காலத்துக்கு முன் நிலத்தில் புதைத்திருந்த உணர்கருவி ஒன்று ஒலித்தது. யாரோ நடமாடுகிறார்கள் என்று பொருள். எல்லைக் காவலர் மூவர் அவ்விடத்துக்கு விரைந்தனர். ஆனால் வெவ்வேறு திசைகளிலிருந்து நெருங்கினர். இருளில் ஒருவரையொருவர் கடத்தல்காரர் என்று கருதிச் சுட்டுக்கொண்டார்கள். ஒருவர் உயிரிழந்தார், ஒருவர் காயமுற்றார். விசாரித்த மத்தியப் புலனாய்வு இலாகா, தம்மவர் குண்டினாலேயே இது நேர்ந்ததென்ற முடிவுக்கு வந்தது. உணர்கருவி தன் வேலையைப் பழுதின்றிச் செய்தது. இவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார், அவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்ற செய்தி மட்டும் உரியவர் மனத்தில் உரிய நொடியில் பதியவில்லை. ஆயிரம் உணர்கருவிகளைப் புதைத்தாலும் இந்த இடைவெளி தானாக நிரம்பிவிடாது என்பதே இதில் நமக்குள்ள படிப்பினை.

அமெரிக்காவைப் பற்றிச் சொல்லும்போது, அத்தேசத்தார் தம் எல்லையில் செய்த மற்றொரு காரியத்தையும் விரிவாகக் கூறாதிருக்க முடியாது. அவர்களுடைய செல்வமும் விஞ்ஞான மேன்மையும் உலகமறிந்தவை. அவர்களே இவ்விஷயத்தில் எப்படி இடறினார்கள் என்பதை நம் மந்திரிகளும் காரியதரிசிகளும் ஊன்றிப் படிக்க வேண்டும். 2006-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், எல்லை முழுவதிலும் கோபுரங்கள் நட்டு, ராடார், காமிரா, உணர்கருவி யாவற்றையும் கம்பியில்லாத் தொடர்பால் பிணைத்து, ஒரே திரையில் எல்லையைக் காட்டும் திட்டம் ஒன்றை, எஸ்.பி.ஐ.நெட் என்ற பெயரில், போயிங் கம்பெனியிடம் ஒப்படைத்தனர். முதலில் மாதிரிக்காக அரிஜோனாவில் 28 மைல் நீளத்துக்கு ஒன்பது கோபுரங்கள் எழுப்பப்பட்டன. மழை பெய்தால் ராடார் துளிகளையே பகைவராக எண்ணி எச்சரித்தது. ராடார் கண்டது காவல் தலைமையிடத்துத் திரைக்கு வந்து சேர்வதற்குள் கண்டவர் வேறிடத்துக்குப் போய்விடக்கூடிய அளவு தாமதம் ஏற்பட்டது. அந்த 28 மைல் பகுதி, தாமதங்களுக்குப் பின், 2008-ம் வருஷம் பிப்ரவரியில்தான் சர்க்காரால் ஏற்கப்பட்டது. பின்னர் வேறு பகுதிகளில் வேலை நடந்தது. இறுதியில், 2011-ம் வருஷம் ஜனவரி மாதம், உள்நாட்டுப் பாதுகாப்பு மந்திரி ஜேனட் நபோலிடானோ அத்திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தார். அதற்குள் செலவானது ஏறக்குறைய 100 கோடி டாலர். அதைக்கொண்டு காவலுக்குள் வந்த எல்லையின் நீளம் 53 மைல்.

இத்தோல்விக்குக் காரணம் என்ன? காரணங்கள் பல, ஆனால் அமெரிக்க காங்கிரஸின் தணிக்கை அலுவலகத்தார் ஆதியிலேயே சுட்டிக் காட்டிய ஒன்றை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். அக்கருவிகளைக் கையாளப்போகும் எல்லைக் காவலர்களைத் திட்டம் வகுக்கும்போது போதிய அளவு கலந்துகொள்ளவில்லை. கம்பெனியின் பொறியாளர்கள் தாம் அறிந்ததைக் கட்டினார்கள். களத்தில் நின்றவர், இந்தத் திரையில் இத்தனை பொத்தான்கள் எதற்கு, ஓடும் வண்டியில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது எப்படி என்று கேட்பதற்கு இடமளிக்கப்படவில்லை. கேட்கத் தகுந்தவர் கேட்டிருந்தால், முதல் 28 மைலிலேயே விஷயம் வெட்டவெளிச்சமாகியிருக்கும் அல்லவா?

அத்தேசத்தாரைப் பாராட்ட வேண்டிய ஓர் அம்சமும் இதில் உண்டு. அவர்கள் தம் தோல்வியை மூடி மறைக்கவில்லை. தணிக்கை அறிக்கைகள் வருஷந்தோறும் பகிரங்கமாக வெளிவந்தன. எந்தப் பத்திரிகையாளரும் படித்து எழுதலாம். எல்லை என்றதும் ரகசியம் என்று சொல்லிக் கேள்விகளை அடைத்துவிடும் வழக்கம் நம்மவரிடம் வேரூன்றியிருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

பாடம் கற்றபின்பும் அங்கே குறை முற்றும் நீங்கிவிடவில்லை. 2024-ம் வருஷம் அக்டோபரில் அமெரிக்கப் பத்திரிகைகளில் எல்லைக் காவல் இலாகாவின் உள் குறிப்பு ஒன்று வெளியாயிற்று. கோபுரங்களில் பொருத்திய சுமார் 500 காமிராக்களில் ஏறக்குறைய 150 வேலை செய்யவில்லை என்று அது கூறியது. கோபுரம் இருக்கிறது, அதன்மேல் காமிராவும் இருக்கிறது, ஆனால் அது குருடு. வேலை செய்யாத காமிராவினால் உண்டாகும் கெடுதி, காமிராவே இல்லாததினால் உண்டாகும் கெடுதியை விடப் பெரிது. இல்லாத இடத்தில் ஆள் நிற்பார். இருப்பதாக நம்பும் இடத்தில் ஒருவரும் நிற்கமாட்டார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நாம் மகிழத்தக்க ஒரு காரியம் நடந்திருக்கிறது. அது ஜனங்களுக்குப் போதிய அளவு தெரியவில்லை என்பதே நமது வருத்தம். பிரம்மபுத்திரா நதி வங்காளதேசத்துக்குள் புகும் இடத்தில் அஸ்ஸாமின் துப்ரி ஜில்லா இருக்கிறது. அங்கே 61 கிலோமீட்டர் எல்லை ஆற்றின் கிளைகளிலும் மணல் திட்டுகளிலும் அமைந்தது. வேலி நட முடியாது. இவ்வருஷம் திட்டு இருந்த இடத்தில் மறுவருஷம் வெள்ளம் ஓடும். மழைக்காலத்தில் படகில் ரோந்து சுற்றுவதே பெரும்பாடு. இந்த இடத்துக்கு நுண்ணலைத் தொடர்பு, கண்ணாடியிழைக் கம்பி, இலக்கமுறைக் கம்பியில்லாக் கருவி, இரவும் பகலும் பார்க்கும் காமிராக்கள், ஊடுருவலை உணர்த்தும் கருவி இவை யாவற்றையும் இணைத்து ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. எல்லைப் பாதுகாப்புப் படையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவே 2018-ம் வருஷம் ஜனவரியில் இதை மேற்கொண்டது. கருவிகளை உற்பத்தி செய்வோரும் விற்போரும் துணை நின்றார்கள்; ஆனால் பொறுப்பு படையினுடையதாயிருந்தது. 2019-ம் வருஷம் மார்ச் மாதம் 5-ந் தேதி அப்போதைய உள்துறை மந்திரி ராஜ்நாத் சிங் அதைத் துவக்கி வைத்தார். போல்ட்-கியூ.ஐ.டி. என்று அதற்குப் பெயர். இத்தகைய பெயர்களைச் சூட்டுவதில் நம் இலாகாக்களுக்கு உள்ள ஆர்வத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஆற்றின் குணத்தை அறிந்தவர், வெள்ளத்தில் நின்று காவல் செய்தவர், எந்த இடத்தில் கம்பம் நிலைக்கும் என்று சொல்லக்கூடியவர், அவரே ஏற்பாட்டை வகுத்தார். கம்பெனிக்காரரை எஜமானராக அல்லாமல் உதவியாளராக வைத்துக்கொண்டார். சுதேசி என்ற சொல்லுக்கு நாம் இந்தப் பொருளையே மேலாகக் கருதுகிறோம். கருவியின் முதுகில் எந்தத் தேசத்து முத்திரை இருக்கிறது என்பதும் முக்கியந்தான். அதைத் திறந்து பார்த்துச் செப்பனிடும் அறிவு நம்மவர் கையில் இருக்கிறதா என்பது அதனினும் முக்கியம்.

ஆனால் துப்ரி ஒன்றோடு காரியம் முடிந்துவிடாது. ஒருங்கிணைந்த எல்லை நிர்வாக ஏற்பாடு என்ற பெரிய திட்டத்தில், எளிதில் ஊடுருவக்கூடியதென்று கருதப்படும் 2,026 கிலோமீட்டர் எல்லையைக் கொண்டுவருவதாகச் சர்க்கார் 2018-ம் வருஷத்தில் அறிவித்தனர். ஜம்முவில் சுமார் 10 கிலோமீட்டரும் துப்ரியில் 61 கிலோமீட்டரும் மாதிரிப் பகுதிகளாக முடிந்தன. மீதி 1,955 கிலோமீட்டர். மாதிரியைப்போல் இருபத்தேழு மடங்கு! மாதிரிக்கு மிகச் சிறந்த ஆட்களைப் பொறுக்கி எடுத்து அனுப்பலாம். மந்திரி வந்து திறந்து வைக்கும் நாள்வரை அவர்களை அங்கேயே நிறுத்தியும் வைக்கலாம். இருபத்தேழு மடங்குக்கு அத்தகைய ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? அவர்களைத் தயாரிக்கும் ஏற்பாடு என்ன? இதுவே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

எல்லைப் பாதுகாப்புப் படையில் ரேடியோ இயக்குபவரும் ரேடியோ மெக்கானிக்கும் தலைமைக் காவலர் அந்தஸ்தில் சேர்க்கப்படுகிறார்கள். பௌதிகம், ரசாயனம், கணிதம் படித்து நல்ல மார்க்குடன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவரோ, தொழிற்பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் பயின்றவரோ விண்ணப்பிக்கலாம். ஏழாவது சம்பளக் கமிஷன் விகிதப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ. 25,500. இதை அற்பமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷம் பாலையிலும் பனியிலும் பழகி, ஒலியைக் கேட்டே கருவியின் நோயைச் சொல்லக்கூடிய மெக்கானிக் ஒருவருக்கு, நகரத்துக் கைப்பேசிக் கம்பெனி என்ன கொடுக்கும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் போய்விட்டால் அவரோடு போவது ஒரு ஆள் மட்டுமன்று. அந்த நூறு மைல் எல்லையின் வியாதிகள் அனைத்தையும் அறிந்த ஞாபகம் போய்விடுகிறது. அவருக்குப் பதிலாக வருபவர் முதல் இடிமழையிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும்.

ஆதலால் இப்பிரிவில் உள்ளவர்கள் தம் வித்தையிலேயே மேலேறுவதற்கு வழி விசாலமாக இருத்தல் அவசியம். மெக்கானிக்காகச் சேர்ந்தவர் திறமையிருந்தால் ஒரு எல்லைப் பிரதேசத்தின் தலைமைத் தொலைத்தொடர்பு நிபுணராக வரக்கூடும் என்ற நம்பிக்கையை அவருக்கு அளிக்க வேண்டும். படையை நடத்துவது ஒரு வித்தை. அலைகளை நடத்துவது வேறொரு வித்தை. முன்னதில் உயர்ந்தவர் பின்னதற்கும் தலைவராகலாம் என்பது பழைய ஆங்கிலேய ஆட்சியின் பழக்கம். எந்த இலாகாவுக்கும் எந்தச் சிவில் உத்தியோகஸ்தரையும் தலைவராக்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், இந்த நம்பிக்கையை ஏனோ விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

நியாயஸ்தலங்களோடு பழக்கமுள்ள நமக்கு மற்றொரு விஷயமும் புலப்படுகிறது. எல்லையில் ஒருவரைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தும்போது காமிராவில் பதிந்த படமே பிரதான சாட்சியமாக இருக்கலாம். 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, அத்தகைய மின்னணுப் பதிவோடு கருவிக்குப் பொறுப்பானவரின் சர்டிபிகேட்டும் நிபுணரின் சர்டிபிகேட்டும் இணைக்கப்பட வேண்டும். கருவி ஒழுங்காக இயங்கியதா, பதிவு மாற்றப்படாததா என்பதற்கு அவர்கள் கையெழுத்திட்டுச் சாட்சி சொல்கிறார்கள். இங்கேயும் தொலைத்தொடர்புக்காரர் தலையில்தான் பாரம் விழுகிறது. குறுக்கு விசாரணையில் கெட்டிக்கார வக்கீல் ஒருவர், இக்காமிராவின் கடிகாரத்தை கடைசியாக எப்பொழுது சரிபார்த்தீர், யார் யாருக்கு இதன் சாவி தெரியும் என்று கேட்டால், பராமரிப்புப் பதிவேடு இல்லாதவர் என்ன பதில் சொல்வார்? குற்றவாளி தப்பலாம். அதைவிட மோசமாக, எல்லைக்கருகே தன் வயலுக்குப் போன குடியானவன் ஒருவன் தவறான பதிவினால் சிறையில் கிடக்கவும் கூடும். 2021-ம் வருஷம் அக்டோபரில் பஞ்சாப், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் ஆகிய ராஜ்யங்களில் இப்படையின் அதிகார எல்லை 15 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டராக விஸ்தரிக்கப்பட்டது. அந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் ஊர்களும் சந்தைகளும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. அங்கே வாழ்வோரும் பாரதப் பிரஜைகளே. அவர்களைப் பார்க்கும் கண் நேர்மையாகப் பார்க்கிறதென்பதற்கு உத்தரவாதம் வேண்டும்.

தரையெல்லையைப் பற்றியே பேசி வந்தோம். தமிழ் நாட்டாருக்கு எல்லை என்பது கடல். 2008-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி பம்பாயைத் தாக்கியவர்கள் கைப்பற்றிய மீன்பிடி படகிலே வந்தார்கள் என்பதற்குப் பின் கடற்கரை நெடுக ராடார் நிலையங்கள் எழுந்தன. 2024-ம் வருஷம் ஆகஸ்டில், சுமார் 360 கோடி ரூபாய்ச் செலவில், 13 கடலோர ராஜ்யங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் துணைக்கோள் வழி பேசும் கருவிகளைப் பொருத்தும் திட்டம் துவக்கப்பட்டது. புயல் எச்சரிக்கையும், சர்வதேசக் கடல் எல்லை நெருங்குகிறதென்ற எச்சரிக்கையும் இதன் வழியே வர வேண்டும். இராமேசுவரத்து மீனவர் ஒருவருக்கு அந்த எச்சரிக்கை வருவதும் வராததும் மறுநாள் அவர் வீட்டில் உண்பதா, இலங்கைச் சிறையில் உண்பதா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். 2017-ம் வருஷம் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்குச் செய்தி எட்டாமற்போனதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே கேட்கிறோம்: உப்புக் காற்றில் துருப்பிடிக்கப்போகும் இந்த ஒரு லட்சம் கருவிகளைப் பழுது பார்க்க ஒவ்வொரு துறையிலும் யார் உட்கார்ந்திருப்பார்? கருவியை இலவசமாகக் கொடுத்தவர்கள் அதற்கு வைத்தியரையும் கொடுப்பார்களா?

செலவு அதிகமாகுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆகத்தான் செய்யும். கருவி வாங்குவதற்கு ஒதுக்கும் ஒவ்வொரு தொகையோடும் அதன் ஆயுட்கால பராமரிப்புக்கும் ஆட்களின் பயிற்சிக்கும் சேர்த்து முதலிலேயே ஒதுக்கினால், முதல் வருஷத்துக் கணக்கு பெரிதாகத் தெரியும். அதனாலேயே இவ்வழி எந்த நிதி மந்திரிக்கும் உவப்பதில்லை. பழைய ரோந்தே போதும், கருவியே வேண்டாம் என்று சொல்லும் வயது முதிர்ந்த உத்தியோகஸ்தர்களும் உண்டு. அவர்களுடைய அனுபவத்தை மதிக்கிறோம். ஆனால் துப்ரியின் வெள்ளத்தில் மூடுபனி இரவில் மனிதக் கண் எவ்வளவு தூரம் பார்க்கும் என்று அவர்களும் அறிவார்கள். இவர்களுக்கு நேர்மாறாக, இயந்திரம் வந்துவிட்டால் ஆட்களைக் குறைக்கலாம் என்று கணக்குப் போடும் கூட்டமொன்று தலையெடுத்து வருகிறது. அரிஜோனாவின் 53 மைல் கணக்கை அவர்கள் முன் வைப்பதைத் தவிர வேறு பதில் தேவையில்லை.

உள்துறை மந்திரியாலய மானியக் கோரிக்கை அடுத்த முறை பார்லிமெண்டின் முன் வரும்போது, எத்தனை கோபுரம், எத்தனை காமிரா என்று கேட்பதோடு அங்கத்தினர்கள் நின்றுவிட வேண்டாம். சென்ற பன்னிரண்டு மாதங்களில் அவற்றுள் எத்தனை எத்தனை நாள் இயங்காமல் கிடந்தன என்று கேட்கட்டும். அலைவரிசைகளையும் சங்கேதங்களையும் யாரும் கேட்கவில்லை. இயங்காத நாட்களின் எண்ணிக்கை எப்படி ரகசியமாகும்? ரேடியோ மெக்கானிக் உத்தியோகங்களில் எத்தனை காலியாக இருக்கின்றன, ஐந்து வருஷத்தில் எத்தனை பேர் விலகிச் சென்றார்கள் என்றும் கேட்கட்டும். புதிய கருவி எதையும் வாங்குமுன், அது நடப்படப்போகும் எல்லைப் பிரதேசத்தின் தலைமைத் தொலைத்தொடர்பு அதிகாரி அதைத் தம் மண்ணில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் சோதித்து, ஏற்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்ற விதியைச் செய்ய மந்திரியார் சம்மதிப்பாரா? மறுக்கிறேன் என்று அவர் எழுதினால், அந்தக் காகிதம் டெண்டர் கமிட்டியின் மேஜைக்குப் போய்ச் சேருமா, வழியிலேயே காணாமற்போகுமா? மந்திரியாரின் பதிலை எதிர்பார்க்கிறோம்.